பொறுமைக்குக் கிடைக்கும் தள்ளுபடி

ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில், வழக்கமாக ஒரு வியாழக்கிழமையன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி ஆகும்போது நம் நாட்டுக் கடிகாரங்கள் இரவு பத்தரையைக் காட்டுகின்றன. அந்த நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, பல தேசங்களைச் சேர்ந்த பெருங்கூட்டம் ஒன்று ஒரே கடையின் வாசலில் வந்து சேர்கிறது. கடையின் பெயர் ஸ்டீம். அங்கே விற்கும் சரக்கு வீடியோ விளையாட்டுகள். முதல் சில நிமிஷங்களுக்குப் பக்கம் சரியாகத் திறப்பதில்லை; திறந்தாலும் பிழைச் செய்திதான் வருகிறது; கார்ட்டில் போட்ட விளையாட்டு மறைந்துபோய், மறுபடி அழுத்தினால் தோன்றுகிறது. பிறகு நெரிசல் சற்றே தளர, ஒவ்வொரு விளையாட்டின் படத்துக்கும் கீழே ஒரு சிறிய பச்சைக் கட்டம் தென்படுகிறது. கட்டத்துக்குள் தள்ளுபடியின் சதவீதம். அதன் பக்கத்தில், குறுக்குக்கோடு இழுத்து அடித்த பழைய விலை. அதற்குக் கீழே புதிய விலை. இந்த மூன்று எண்களைப் பார்ப்பதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களின் பெயரால் ஆண்டில் நான்கு தடவை இந்த விற்பனைத் திருவிழா நடக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், எபிக் முதலிய மற்றக் கடைகளும் தத்தம் விழாக்களைக் கொண்டாடத்தான் செய்கின்றன. ஆயினும், விலை இறங்கும்வரை காத்திருந்து விளையாட்டு வாங்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த கடை ஸ்டீம் என்பதால், அதையே பிரதானமாக வைத்துக்கொண்டு இந்த விஷயத்தை ஆராய்வது உசிதம் என்று நினைக்கிறேன். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தள்ளுபடியின் தத்துவம் பொறுமை, அதற்குப் போட்டிருக்கும் வேஷமோ அவசரம். வேஷத்தை நம்பி வாங்குகிறவன் பணத்தையும் இழந்து, விளையாட்டின் ஆனந்தத்தையும் இழக்கிறான். தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு வாங்குகிறவனுக்கு இதைவிட நியாயமான சந்தை இன்று வேறு எந்தக் கலைக்கும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996இல் வாஷிங்டன் மாநிலத்தில் வால்வ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் அவர்களுக்குப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தது. தாங்கள் வெளியிட்ட விளையாட்டுகளுக்கு அடிக்கடி திருத்தங்களை அனுப்பவும், கள்ளப் பிரதிகளைத் தடுக்கவும் ஒரு சாதனம் வேண்டும் என்ற உத்தேசத்தோடு 2003 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்டதே ஸ்டீம். பிறந்த சமயத்தில் அதற்கு நல்ல பேர் இல்லை. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் பெட்டியாகவே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால்தான் விளையாடலாம் என்று கம்பெனி நிர்ப்பந்தம் செய்தது. முதல் நாளிலேயே சர்வர்கள் திணறிப்போக, காசு கொடுத்தவர்கள் கையில் வட்டை வைத்துக்கொண்டு விளையாட முடியாமல் கோபித்தார்கள். அடுத்த வருஷம் பிறருடைய விளையாட்டுகளையும் விற்கத் தொடங்கினார்கள். வெறுப்புக்கு இலக்காயிருந்த அந்தச் சாதனம் சில ஆண்டுகளுக்குள் ஜனங்கள் விரும்பி நாடும் கடையாக மாறிற்று என்றால், அந்த மாற்றத்துக்கு இருந்த காரணங்களில் முதன்மையானது விலைக் குறைப்பு.

2009 பிப்ரவரியில் லாஸ் வேகஸ் நகரில் நடந்த டைஸ் என்ற விளையாட்டுத் துறை மாநாட்டில் நியூவெல் சில கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிட்டார். தாங்கள் நடத்திய விடுமுறைக்கால விற்பனையில் நூற்றுக்குப் பத்து தள்ளிக் கொடுத்த விளையாட்டுகளின் வருமானம் 35 சதவீதமும், கால் பங்கு தள்ளியவற்றின் வருமானம் 245 சதவீதமும், பாதி விலைக்குக் கொடுத்தவற்றின் வருமானம் 320 சதவீதமும், முக்கால் பங்கு தள்ளியவற்றின் வருமானம் 1470 சதவீதமும் உயர்ந்தன என்றார். இவை விற்ற பிரதிகளின் தொகை அல்ல, கைக்கு வந்த பணத்தின் தொகை என்பதை வாசகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். விலை கால் பங்காகச் சுருங்கிய பிறகும் வருமானம் அவ்வளவு ஏறியது என்றால், விற்ற பிரதிகளின் எண்ணிக்கை முன்பு இருந்ததைப்போல் அறுபது மடங்குக்கு மேல் இருந்திருக்க வேண்டும். வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்த லெஃப்ட் 4 டெட் என்ற தங்கள் சொந்த விளையாட்டை ஒரு வார இறுதியில் பாதி விலைக்குக் கொடுத்தபோது அதன் விற்பனை 3000 சதவீதம் உயர்ந்து, வெளியீட்டுக் காலத்து வசூலையே மிஞ்சியது என்பதும் அதே கூட்டத்தில் அவர் சொன்ன செய்தி. அதுவரை விலையைக் குறைத்தால் சரக்கின் மதிப்புக் குறையும் என்று அஞ்சிக்கொண்டிருந்த பதிப்பாளர்களுக்கு அந்தக் கணக்குகள் ஒரு புதிய பாடமாக அமைந்தன.

இது எப்படிச் சாத்தியம் ஆயிற்று? தியாகராய நகரின் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போடுகிறார்கள் என்றால், அங்கே அலமாரியில் தேங்கிய சேலை என்று ஒன்று உண்டு. அது விற்றுப்போனால் தீபாவளிச் சரக்குக்கு இடம் கிடைக்கும். விற்ற சேலை விற்றதுதான், அதை இரண்டாவது முறை விற்க முடியாது. ஸ்டீமின் அலமாரியில் தேங்குவதும் இல்லை, தீருவதும் இல்லை. ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க ஆன செலவு முழுவதும் முதல் பிரதி விற்பதற்கு முன்பே செலவாகிவிட்டது. அதற்குப் பிறகு பத்தாயிரமாவது பிரதியை அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். எனவே, அறுபது டாலர் கொடுக்கத் தயாராக இருப்பவனிடம் அறுபது வாங்கி, முப்பதுதான் கொடுப்பேன் என்பவனிடம் முப்பது வாங்கி, பதினைந்துக்கு மேல் இயலாது என்பவனிடம் பதினைந்தும் வாங்குவதே விற்பவனுக்கு உத்தம லாபம். ஆனால் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகையால் காலத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஆவல் மிகுந்தவன் வெளியான அன்றே முழு விலை கொடுக்கிறான்; ஆறு மாதம் பொறுத்தவன் அதைவிடக் குறைவாகக் கொடுக்கிறான்; மூன்று வருஷம் பொறுத்தவன் காப்பிக்கடைச் செலவில் அதே விளையாட்டை, வெளியான நாளில் இருந்த பிழைகள் எல்லாம் திருத்தப்பட்ட நிலையில், பிற்பாடு சேர்த்த அத்தியாயங்களோடும் சேர்த்துப் பெறுகிறான். 2015இல் வெளிவந்த தி விட்சர் 3 என்ற போலந்து நாட்டு விளையாட்டை இன்று வாங்குகிறவன், முதல் நாள் வாங்கியவனைவிடச் செம்மையான படைப்பை, அவன் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அநுபவிக்கிறான். பொறுமை என்பது இங்கே வெறும் குணமாக நில்லாமல் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகையாகவே ஆகிவிடுகிறது.

இந்த நல்ல ஏற்பாட்டின்மேல்தான் அவசரத்தின் வேஷத்தைப் பூட்டினார்கள். பழைய நாள்களில் ஸ்டீமில் விற்பனை விழா என்றால், இரண்டு வாரத் தள்ளுபடிக்குள்ளேயே தினந்தோறும் மாறும் சலுகைகளும், அவற்றுக்குள்ளே சில மணி நேரமே நிற்கும் ஃபிளாஷ் சேல்களும் இருந்தன. நூற்றுக்கு ஐம்பது என்று காலையில் வாங்கிய விளையாட்டு மாலையில் எழுபத்தைந்து என்று ஃபிளாஷ் சேலில் வந்து நிற்கும். வாங்காமல் விட்டதோ மறுநாள் பழைய விலைக்கு ஏறிவிடும். அமெரிக்கக் காலைக்கு அட்டவணை போட்டிருந்தபடியால் நம் நாட்டு இளைஞர்கள் இரவு பத்தரைக்கும் அதற்குப் பின்னும் விழித்திருந்து திரையில் ஓடும் விநாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாள்களின் உற்சாகத்தை இன்றும் பிரிவாற்றாமையோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து காத்திருப்பதில் உள்ள சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்தவனுக்கு யோசனை செய்வதற்கு அவகாசம் ஏது?

2015 ஜூன் மாதத்தில் ஸ்டீம் ஒரு பெரிய சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் ரீஃபண்ட் கேட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதே அது. அதற்கு முன்னால் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் அது விஷயமாகவே 2014இல் வால்வ்மீது வழக்குத் தொடர்ந்து, முடிவில் முப்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கச் செய்தது. ரீஃபண்ட் வந்தவுடன் ஃபிளாஷ் சேலுக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று. காலையில் வாங்கியவன் மாலையில் விலை இறங்கியதைக் கண்டால் முதலில் வாங்கியதைத் திருப்பிவிட்டு மறுபடி வாங்குவான் அல்லவா? ஆகவே அதே ஆண்டு நவம்பர் விற்பனை முதல் தினச் சலுகையும் ஃபிளாஷ் சேலும் கைவிடப்பட்டன. முதல் நாள் என்ன விலையோ அதுவே கடைசி நாள்வரை நிற்கும் என்ற நிலை வந்தது. அதாவது, விழா தொடங்கிய அந்த இரவிலேயே வாங்கியாக வேண்டிய அவசியம் ஒரு துளியும் இல்லை. இரண்டு வாரம் முழுவதும் யோசிக்கலாம். கடைசி நாளுக்கு முந்திய நாள் வாங்கினாலும் அதே விலைதான். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் முதல் மணி நேரத்திலேயே கூட்டம் நெரிகிறது என்பதைப் பார்க்கும்போது, அவசரத்தைக் கடைக்காரன் கழற்றி வைத்த பிறகும் வாங்குகிறவன் அதைத் தானே எடுத்து அணிந்துகொண்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ரீஃபண்ட் விதியால் நன்மை அடைந்தவர்கள் பலர். துன்பம் அடைந்தவர்கள் சிலர். சிறிய விளையாட்டுகளைச் செய்கிறவர்களே அந்தச் சிலர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை விளையாடிப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பவனையும் விதி தடுப்பதில்லை. சம்மர் ஆஃப் '58 என்ற சிறிய திகில் விளையாட்டைச் செய்த எமிகா கேம்ஸ் 2021இல், நல்ல விமரிசனங்கள் வந்தும் ரீஃபண்ட் மிகுதியால் அடுத்த படைப்புக்குப் பணம் தேறவில்லை என்று சொல்லித் தொழிலையே காலவரையின்றி நிறுத்திவைத்தது. இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வெண்பா என்ற விளையாட்டு. கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட படைப்பு அது. 1988இல் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயும் அவள் கணவனும் மகனும், கிழிந்தும் மங்கியும் போன ஒரு சமையல் குறிப்பேட்டிலிருந்து இட்லியையும் புட்டையும் மீட்டெடுப்பதே விளையாட்டு. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. சுதந்திர விளையாட்டு விழாவின் முதற்பரிசையும் அதே ஆண்டில் அது பெற்றது. விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்காது. நம் வீட்டு அடுப்படியின் ஓசையைத் திரைக்குள் கொண்டுவந்த இத்தகைய படைப்பைத் தள்ளுபடியில் வாங்குவது தவறில்லை. ரசித்து முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. விற்ற தொகையில் நூற்றுக்கு முப்பதைக் கடைக்காரனே எடுத்துக்கொள்கிறான். ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுகளுக்கு இருபத்தைந்து, ஐந்து கோடிக்கு மேல் இருபது என்று 2018 முதல் அந்தப் பங்கு குறைகிறது. ஆனால் அந்தச் சலுகை பெரியவர்களுக்கு உரியது, சிறியவர்களை எட்டுவதில்லை.

நம் தேசத்தைப் பொறுத்தவரை இந்தத் தள்ளுபடி செய்த உபகாரம் பெரிது. இரண்டாயிரத்தின் முதற்பத்தில் சென்னையில் விளையாட்டு வேண்டும் என்றால் பையன்கள் பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ போவார்கள். அங்கே பிளாஸ்டிக் உறையில், மங்கலாக அச்சிட்ட படத்தோடு, ஐம்பது நூறு ரூபாய்க்குக் கள்ளப் பிரதி கிடைக்கும். அசல் பெட்டியின் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாத மளிகைச் செலவுக்குச் சமீபமாக இருக்கும். அந்தப் பையன்களைத் திருடர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கள்ளப் பிரதி என்பது பெரும்பாலும் விலையால் வருவதில்லை, சேவையின் குறையால் வருவது என்று நியூவெல் பல தடவை சொல்லியிருக்கிறார். அசலை வாங்குவது கள்ளத்தை வாங்குவதைவிடச் சௌகரியமாக இருந்தால் ஜனங்கள் அசலையே வாங்குவார்கள் என்பது அவர் வாதம். நம் அநுபவத்தில் விலையும் குறுக்கே நின்றது, சேவையும் குறுக்கே நின்றது. ஸ்டீமில் எல்லாம் டாலரில் இருந்த காலத்தில், வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் கிரெடிட் கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால்தான் வாங்கலாம். 2015 நவம்பரில் ரூபாயில் விலை குறித்தார்கள். பிற்பாடு யுபிஐயும் வந்து சேர்ந்தது. எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடியும் ரூபாய் விலையும் கைப்பேசியிலேயே பணம் கட்டும் வசதியும் ஒன்றுசேர்ந்த அந்தக் கட்டத்தில், கள்ள வட்டில் விளையாடி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த பலர், சிறுவயதில் இலவசமாக அநுபவித்த அதே விளையாட்டுகளைத் தேடிப்பிடித்து அசலாக வாங்கினார்கள். பழைய கடனைத் தீர்க்கிறோம் என்று அவர்களில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லில் இருந்த பெருமிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எல்லா நாட்டாருக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. இலங்கையில் இருக்கும் நம்மவர்கள் ஸ்டீமில் இன்னும் டாலர் விலையையே பார்க்கிறார்கள். அவர்கள் நாணயம் சரிந்த காலத்தில் தள்ளுபடி விலைகூட எட்டாத உயரத்தில் நின்றது. அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் உள்ளூர் நாணயத்தில் இருந்த விலைகளை, நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்தைக் காரணம் காட்டி, 2023 நவம்பரில் டாலருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பல விளையாட்டுகள் ஒரே இரவில் பன்மடங்கு விலை ஏறின.

வாங்கியவற்றை விளையாடுகிறார்களா என்ற கேள்விக்கு வருவோம். ஆர்ஸ் டெக்னிக்கா என்ற பத்திரிகை 2014இல் ஸ்டீம் கணக்குகளை மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, உடைமையாகப் பதிவாகியிருந்த விளையாட்டுகளில் ஏறத்தாழ 37 சதவீதம் ஒரு தடவைகூடத் திறக்கப்படாதவை என்று தெரியவந்தது. 2024இல் ஸ்டீமில் மக்கள் விளையாடிய மொத்த நேரத்தில் அந்த வருஷத்துப் புது விளையாட்டுகளுக்குக் கிடைத்தது 15 சதவீதம்தான் என்று வால்வே தன் ஆண்டுக் கணக்கில் காட்டியது. அதே ஆண்டில் புதிதாக வந்து குவிந்தவையோ பதினெட்டாயிரத்துக்கும் மேல். பேக்லாக் என்று இளைஞர்கள் சொல்கிற, வாங்கி வைத்து விளையாடாத குவியல் இப்படித்தான் வளர்கிறது.

ஒரு கார்ட்டை அருகில் இருந்து பார்த்தால் இது எப்படி நிகழ்கிறது என்பது பிரத்தியட்சமாகப் புரியும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவன் குளிர்கால விற்பனையில் ஒரே ஒரு விளையாட்டை உத்தேசித்துப் போனான். அது நாற்பது சதவீதத் தள்ளுபடியில் இருந்தது. அதையே முதலில் கார்ட்டில் போட்டான். பக்கத்திலேயே எண்பத்தைந்து சதவீதம் என்று ஒன்று. இதைப்போய் விடுவதா என்று அதையும் போட்டான். அதே பதிப்பாளரின் மூன்று விளையாட்டுகளைப் பண்டிலாக வாங்கினால் மேலும் பத்து சதவீதம் குறையும் என்று பக்கம் சொல்லிற்று, அதுவும் சேர்ந்தது. மொத்தத் தொகை கையிருப்பைத் தாண்டியது. அப்போது அவன் எதை எடுத்துவிட்டான் என்று நினைக்கிறீர்கள்? எந்த விளையாட்டுக்காக வந்தானோ அதைத்தான். அதற்குத் தள்ளுபடி குறைவு, அடுத்த விழாவில் இன்னும் இறங்கும் என்பது அவன் சொன்ன காரணம். விளையாட ஆசைப்பட்டது வெளியே நிற்க, ஆசைப்படாதவை வீட்டுக்கு வந்தன. பச்சைக் கட்டத்துக்குள் இருக்கும் சதவீதம், விளையாட்டின் தரத்தைச் சொல்லும் எண் அல்ல. விற்பவன் முதலில் கேட்ட விலைக்கும் இன்று கேட்கும் விலைக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும் எண். வாங்குகிறவன் பார்க்க வேண்டியது கடைசியாக நிற்கும் விலையை மட்டுமே. அந்த விலைக்கு அந்த விளையாட்டை இந்த வாரமே தொடங்கி ஆடுவேனா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் அது விஷ்லிஸ்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். விலை மறுபடி இறங்கும்போது மின்னஞ்சல் தானே வரும்.

இந்தத் திருவிழாவில் கலந்துகொள்ளவே மாட்டோம் என்று நிற்பவர்களும் உண்டு. செக் நாட்டின் வூப் நிறுவனம் ஃபேக்டோரியோ என்ற தங்கள் விளையாட்டுக்கு ஒருபோதும் தள்ளுபடி கொடுப்பதில்லை என்று பகிரங்கமாக அறிவித்து, அந்த வார்த்தையைக் காப்பாற்றியும் வருகிறது. விலை குறையும் என்று காத்திருக்க வேண்டாம், வேண்டும்போது வாங்குங்கள் என்பது அவர்கள் கொள்கை; 2023 ஜனவரியில் பணவீக்கத்தைக் கருதி முப்பது டாலரை முப்பத்தைந்தாக உயர்த்தவும் செய்தார்கள். நின்டெண்டோவும் தன் முக்கியப் படைப்புகளின் விலையை எளிதில் இறக்குவதில்லை. பொறுமைக்குத் தள்ளுபடி உண்டு என்று சொல்லும் நான் இவர்களைக் குறை சொல்வேன் என்று எண்ண வேண்டாம். விலை என்றுமே ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் வாங்குகிறவனின் மனம் அமைதி அடைகிறது. நேற்று வாங்கியவன் இன்று ஏமாந்தேன் என்று வருந்துவதற்கும் இடமில்லை. ஏழைக்கு எட்டாமல் போகிறதே என்பது ஒன்றே அந்தக் கொள்கையின் குறை.

இனி மிக முக்கியமான விஷயம். காத்திருப்பவனுக்கு லாபம் என்றேன். ஆனால் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கு நஷ்டம் வரக்கூடும். 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் அது சர்வரோடு இணைந்தே இயங்கும்படி செய்யப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு, வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமத்தையும் நீக்கினார்கள். ஏதோ ஒரு விற்பனை விழாவில் மலிவாக வாங்கி, ஓய்வு கிடைக்கும்போது ஆடலாம் என்று வைத்திருந்தவன் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது ஆடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மிக அண்மையில் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது.

இப்படியெல்லாம் நேர்வது ஏனென்றால், நாம் வாங்குவது விளையாட்டை அல்ல, விளையாடும் அநுமதியை. கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் செய்து, டிஜிட்டல் சரக்கை விற்பவர்கள் இந்த உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட்டே விற்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. அதற்கு முன்பே ஸ்டீம் தன் கார்ட்டின் அடியில், வாங்குவது உரிமம் மட்டுமே என்ற வாக்கியத்தைச் சேர்த்துவிட்டது. இந்த உரிமத்தை வேறொருவருக்கு விற்க முடியாது. கணக்கை மகனுக்கோ மகளுக்கோ எழுதிவைக்கவும் ஒப்பந்தம் இடம் கொடுப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது ஆறு பேர் வரையுள்ள குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள 2024 முதல் வழி செய்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். பிரான்சில் ஒரு நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில், வாங்கியதை மறுவிற்பனை செய்ய உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. போலந்தில் 2008இல் தோன்றிய ஜிஓஜி என்ற கடையோ, வாங்கிய விளையாட்டின் நிறுவல் கோப்பையே நம் கையில் கொடுத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டால் கடை மூடிய பிறகும் ஆடலாம். பழைய விளையாட்டுகளைத் தள்ளுபடியில் வாங்க நினைப்பவர்கள் அங்கே அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. விலை சற்று அதிகமானாலும் அங்கே வாங்குவதையே நான் விரும்புவேன்.

குறுக்குக்கோடு இழுத்து அடித்த அந்தப் பழைய விலை உண்மையானதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு விளையாட்டின் விலையை உயர்த்தினால் அதற்குப்பின் முப்பது நாள்களுக்குத் தள்ளுபடி கொடுக்கலாகாது என்று ஸ்டீம் விதி செய்திருக்கிறது; ஆகையால் விழாவுக்கு முந்திய வாரம் ஏற்றி, விழாவில் இறக்கும் தந்திரம் அங்கே செல்லாது. ஆயினும் இதற்கு முன்னால் எந்தத் தேதியில் என்ன விலைக்கு விற்றது என்ற சரித்திரத்தைக் கடை தன் பக்கத்தில் காட்டுவதில்லை. அதை ஸ்டீம்டிபி போன்ற தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். இதுவரை இருந்த மிகக் குறைந்த விலை எது என்பதை ஒரு பார்வையில் அவை சொல்லிவிடும். கடைகளுக்கு வெளியே, விளையாட்டைத் திறக்கும் குறியீட்டைக் கீ என்ற பெயரில் இன்னும் மலிவாக விற்பவர்களிடம் மட்டும் போக வேண்டாம். திருட்டு கார்டில் வாங்கிய கீகள் அந்தச் சந்தையில் புழங்குவதால், படைத்தவனுக்கு ஒரு காசும் போகாமல், சில சமயம் அபராதத்தையும் அவனே சுமக்கிறான்.

கடைகளிடம் நான் கேட்பது இரண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே முதல், தள்ளுபடி அறிவிக்கும் எந்த வியாபாரியும் அதற்கு முந்திய முப்பது நாள்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த எண்ணை இந்தியாவில் வாங்குகிறவனுக்கும் காட்டட்டும். இரண்டாவது, சர்வர் இல்லாமல் இயங்காத விளையாட்டாக இருந்தால், அந்த சர்வர் எந்தத் தேதிவரையாவது நிச்சயமாக இயங்கும் என்று பச்சைக் கட்டத்தின் பக்கத்திலேயே எழுதட்டும். தி க்ரூ மூடப்பட்டதையொட்டி ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் தொடங்கிய இயக்கம், விற்ற விளையாட்டை ஆட முடியாத நிலையில் கைவிடக் கூடாது என்று சட்டம் கேட்டு ஐரோப்பியக் குடிமக்களிடம் கையெழுத்து வாங்கிற்று. 2025 ஜூலையில் அந்தக் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அவர்கள் கேட்பதில் நான் கேட்கும் தேதி மிகச் சிறிய பகுதி. அதை எழுத ஒரு வரி இடம் போதும், அடுத்த விற்பனைக்குள் செய்துவிடலாம்.